பட்டாவில் ஏறாத நிலம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நிலம் போன கதையை யார் எடுத்தாலும் "ஏக்கருக்கு எவ்வளவு கொடுத்தாங்க?" என்பதில்தான் வந்து நிற்கிறது. பட்டா வைத்திருந்தவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் யார் பேரிலும் இல்லாமல் ஊருக்கே பொதுவாகக் கிடந்த நிலத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

எங்களுடையது ஏரியை நம்பிய ஊர். காஞ்சிபுரம், செங்கல்பட்டுச் சீமையே அப்படித்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் 10ஆம் நூற்றாண்டிலேயே ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியம் இருக்கிறது. கார்த்திகையில் ஏரி நிறைந்து கலங்கல் (உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்) வழிந்தால் சம்பா நெல்லுக்குக் கவலையில்லை. அடுத்த போகமான நவரையும் வைத்துவிடலாம். அதற்கு மேலும் தண்ணீர் இருந்தால் சொர்ணவாரிப் போகம். மதகைத் திறப்பவர் நீர்க்கட்டி. எந்தக் கழனிக்கு எவ்வளவு நேரம், இன்று யார் முறை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கடைமடை காய்ந்தால், தலைமடைக்காரர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் மடையை அடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். விரால், கெளுத்தி, கெண்டை. பிறகு வண்டலை வண்டியில் ஏற்றிக் கழனிக்கு அடிப்பார்கள். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத குடும்பங்கள் இரண்டு மாடு வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது மேய்ச்சல் புறம்போக்கை நம்பித்தான். என் ஆயா பால் ஊற்றித்தான் அப்பாவைப் படிக்க வைத்தார். அந்த மேய்ச்சல் வெளிக்கும் களத்துமேட்டுக்கும் வண்டிப்பாதைக்கும் கரையில் கன்னிமார் கோயிலைச் சுற்றி நின்ற பனைகளுக்கும் தனிச் சொந்தக்காரர் கிடையாது. அதனால் அவை போனபோது ஆயாவைப் போன்றவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

தொழிற்சாலையே கூடாது என்று சொல்ல மாட்டேன். 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தபிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் மாதச் சம்பளம் பார்த்தார்கள். பெண்பிள்ளைகள் ஷிப்டுக்கு பஸ் ஏறியதெல்லாம் பெரிய மாற்றம். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் எங்கே ஓடுகிறது என்று ஊரில் ஒருவரையும் கேட்காமல் பிளாட் போட்டார்களே, மதில் எழுப்பினார்களே, அதில்தான் என் கோபம். இன்று மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, ஏரி பாதிகூட நிறைவதில்லை.

கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. 2013ஆம் ஆண்டு மத்திய நிலமெடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பொது நிலம் எது, நீர்நிலை எது, அதை நம்பிப் பிழைப்பவர் யார் என்று ஊருக்கு வந்து விசாரித்து எழுத வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் தொழிலுக்காக நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி எடுக்கும் நிலத்துக்கு இந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டார்கள். இழப்பீடும் மறுவாழ்வும் மத்தியச் சட்டத்தின் கணக்குப்படி உண்டு, ஊர் விசாரணை கிடையாது. என்னைக் கேட்டால் முதலில் திரும்ப வர வேண்டியது அந்த விசாரணைதான்.

காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரில் திட்டமிட்ட விமான நிலையத்தை எதிர்த்து, நிலம் போகும் ஊர்களில் ஒன்றான ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். "நல்ல விலை தராங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்கும் நண்பர்கள், ஏகனாபுரத்துக்காரர்கள் தங்கள் ஏரியைப் பற்றிப் பேசுவதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

எங்கள் ஊர் நீர்க்கட்டி காலமாகிவிட்டார். அவர் மகனுக்குப் பாதிக் கால்வாய்கள்தான் தெரியும். அந்தப் பாதியை வைத்து எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஏரி மிச்சமிருக்கும் ஊர்க்காரர்கள் வயதானவர்களோடு உட்கார்ந்து ஓடை, கால்வாய், மேய்ச்சல், வண்டிப்பாதை எல்லாவற்றையும் இப்போதே கேட்டு எழுதுங்கள். கிராம வரைபடத்திலும், ஊர் நிலங்களை வகைவாரியாக எழுதிய அ-பதிவேட்டிலும் சர்வே எண்ணை ஒத்துப் பாருங்கள். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் தீர்மானமாக வைத்து, நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். மாதிரி வேண்டுமென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள், நாங்கள் எழுதியதை அனுப்புகிறேன்.