சம்பந்தன் ஐயாட வாக்குக் கணக்கும் எங்கட ஒரே ஒரு சீற்றும்

இப்ப கொஞ்ச நாளா, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தலைவராவும் எங்கட திருகோணமலை எம்பியாவும் இருந்த சம்பந்தன் ஐயா எடுத்த விருப்பு வாக்குகளை (கட்சிக்குப் போட்ட பிறகு அந்தக் கட்சி ஆளிட இலக்கத்துக்குப் போடுற வாக்கு) தூக்கி யாழ்ப்பாணத்து எம்பிமார் எடுத்ததோட பக்கத்தில வச்சு, பெரிய தலைவர் எடுத்த வாக்கு இவ்வளவுதானா எண்டு சில பேர் பதிவு போடுறாங்கள். திருகோணமலையில வாக்குப் போடுற ஆளுக்கு இதைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாது. இது நாலே நாலு எம்பி உள்ள மாவட்டம், தமிழ், முஸ்லிம், சிங்களச் சனம் மூண்டும் கலந்து இருக்கிற மாவட்டம், இங்க ஒரு தமிழ் சீற் கிடைக்கிறதே ஒவ்வொரு முறையும் போராட்டம்தான்.

முதல்ல அவர்ட கதையையே கன பேர் பிழையாச் சொல்லுறாங்கள். 77ல இருந்து சாகும் வரைக்கும் கதிரையை விடாம இருந்தவர் எண்டு. 1977ல தமிழர் விடுதலைக் கூட்டணியில நிண்டு முதல்முறையா வெண்டவர் உண்மைதான். ஆனா 83 கலவரத்துக்குப் பிறகு தனிநாடு கேக்கிறதைத் தடுக்கிற 6ஆம் திருத்தச் சட்டத்துக்குச் சத்தியம் செய்ய மாட்டம் எண்டு கூட்டணிக்காரர் பாராளுமன்றத்துக்குப் போகாம விட, எல்லார்ட ஆசனமும் போச்சு. 89ல கேட்டார், தோல்வி. 94ல கூட்டணியில தெரிவானது தங்கத்துரை ஐயா, இவர் இல்ல. 1997 ஜூலை 5ஆம் திகதி சண்முகா இந்து மகளிர் கல்லூரி விழாவுக்குப் போன தங்கத்துரை ஐயாவை அங்கயே கொண்டுபோட்டாங்கள், அந்த வெற்றிடத்துக்குத்தான் சம்பந்தன் ஐயா உள்ள போனவர். பிறகு 2000ல திரும்பவும் தோல்வி. 83க்கும் 2001க்கும் இடையில 18 வருசத்தில அவர் பாராளுமன்றத்தில இருந்தது கிட்டத்தட்ட 3 வருசம், அதுவும் ஒரு நல்ல மனிசன்ட சாவால வந்த 3 வருசம். அவ்வளவு அடிபட்ட ஆள் அரசியலை விட்டிட்டுப் போய் பேசாம வக்கீல் வேலையைப் பாத்திருக்கலாம், ஆரும் குறை சொல்லியிருக்க மாட்டினம்.

2001ல கூட்டமைப்பு வந்த பிறகுதான் கணக்கு மாறினது. 2004ல கூட்டமைப்பிட வீட்டுச் சின்னத்துக்கு எங்கட மாவட்டத்தில 68,955 வாக்கு, 2 சீற், ஐயாவும் துரைரெட்ணசிங்கம் ஐயாவும் போனவை. அந்த எலெக்சன் வடக்கு கிழக்கில ஒழுங்கா நடக்கேல்ல எண்டு கண்காணிப்பாளர்கள் எழுதினதும் இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. 2010ல அதே வீட்டுக்கு 33,268தான். பாதிக்கும் குறைவு. சம்பூர், மூதூர் கிழக்குச் சனம் 2006ல சண்டையால ஓடினது ஓடினதுதான், கிளிவெட்டி, பட்டித்திடல் முகாமுகள்ல தகரக் கொட்டிலுக்குள்ள கிடந்த சனத்திட்ட எலெக்சனைப் பற்றி என்ன கதைக்கிறது? 2015ல 45,894, 2020ல 39,570, ரெண்டு முறையும் ஒரு சீற்.

அந்த 39,570ஐக் கொஞ்சம் பாருங்கோ. எங்கட மாவட்டத்தில முதலா வாற கட்சிக்கு ஒரு போனஸ் சீற் போகும், மிச்சம் 3ஐத்தான் வாக்குக்கு ஏத்த மாதிரிப் பிரிப்பினம். அந்த முறை ஒரு சீற்றுக்கு முழுசா வேண்டிய வாக்கு ஏறத்தாழ 65 ஆயிரம், வீட்டுக்கு அது இல்ல, முழுசாப் பிரிச்ச பிறகு மீதி வாக்குக் கூடின கட்சிக்குக் குடுக்கிற கணக்கிலதான் சீற் வந்தது. சஜித் பிரேமதாசட கட்சி ஆக்கள் எடுத்தது 86,394, அவைக்கும் மீதியா 21 ஆயிரத்துச் சொச்சம் இருந்தது. எங்கட 39,570 சரிபாதியா ரெண்டு சின்னத்துக்கு உடைஞ்சிருந்தா ரெண்டு பக்கத்துக்கும் ஒண்டும் இல்ல. அம்பாறையில அந்த வருசம் அதுதான் நடந்தது, முந்திப் புலியில இருந்த கருணாட பக்கம் 29,379, வீட்டுக்கு 25,220, தமிழாள் ஒருத்தரும் அங்க வெண்டு வரேல்ல. திருகோணமலையில அப்பிடி நடக்காம இருந்ததுக்கு ஐயாட பேர் ஒரு பெரிய காரணம், அதை ஆர் என்ன சொன்னாலும் நான் விட்டுக்குடுக்க மாட்டன்.

ஆனா அதே எண்ணிக்கையில இன்னொரு விசயமும் இருக்கு. எங்கட வயசான ஆக்கள் கன பேர் வீட்டுக்கு நேர ஒரு புள்ளடியைப் போட்டிட்டு மடிச்சுப் போடுறவை, கீழ இருக்கிற விருப்பு இலக்கத்தைத் தொடவே மாட்டினம். அப்பிடியிருந்தும் 2015ல ஐயாவுக்கு 33,834 விருப்பு வாக்கு, வீட்டுக்குப் போட்ட நாலு பேரில கிட்டத்தட்ட மூண்டு பேர் அவர்ட இலக்கத்துக்கும் போட்டிருக்கினம். 2020ல 21,422. வீட்டுக்குக் குறைஞ்சது 6,324 வாக்கு, ஐயாவுக்குக் குறைஞ்சது 12,412. சனம் வீட்டை விடேல்ல, ஐயா காணும், இனி வேற ஆளைத் தாங்கோ எண்டுதான் சொன்னது. அப்ப அவருக்கு 87 வயசு.

அந்த இடைப்பட்ட காலத்தில அவர் ஒண்டும் செய்யேல்ல எண்டு சொல்லுறவையோட எனக்கு உடன்பாடு இல்ல. 2015ல சம்பூரில 818 ஏக்கர் காணி சனத்திட்ட திரும்பி வந்தது, பிறகு நேவி வச்சிருந்த 237 ஏக்கரும் வந்தது, பத்து வருசத்துக்குக் கிட்ட முகாமில கிடந்த சனம் தங்கட வளவுக்குள்ள கால் வச்சது. அந்த வருசமே எதிர்க்கட்சித் தலைவரா வந்தார், அமிர்தலிங்கத்துக்குப் பிறகு அந்தக் கதிரையில இருந்த ரெண்டாவது தமிழன். ஆனா கடைசி வருசங்கள்ல அவர் கொழும்பில வருத்தத்தோட, கன்னியா, தென்னமரவாடி எண்டு இங்க ஒவ்வொரு இடமாக் காணி, கோயில் பிரச்சினை வரேக்க ஓடி வந்து நிக்க எங்களுக்கு எம்பி இல்ல. அது அவருக்கும் நல்லதில்ல, ஊருக்கும் நல்லதில்ல. 2020ல அவரை மரியாதையா இருத்திப்போட்டு இளம் ஆளுக்கு விட்டிருக்க வேணும். அவர் விடேல்ல, கட்சியும் கேக்கத் துணியேல்ல, கடைசியில 2024 ஜூன் 30 அவர் கண் மூடினாப் பிறகுதான் வீட்டு லிஸ்டில அடுத்த விருப்பு வாக்கு எடுத்திருந்த குகதாசன் உள்ள போனவர்.

சரி, இளம் ஆள் எங்கயிருந்து வாறது? இதைத்தான் ஒருத்தரும் கதைக்கினமில்ல. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியா எலெக்சன் நடந்தது 2012ல. அப்ப கூட்டமைப்புக்கு 11 உறுப்பினர், எங்கட தண்டாயுதபாணி சேர் கல்வி அமைச்சராவும் இருந்தவர். 2017 செப்டெம்பரில காலம் முடிஞ்சுது, அதுக்குப் பிறகு ஆளுநர் ஆட்சிதான். தொகுதியும் விகிதாசாரமும் கலந்த புது முறையில எலெக்சன் வைக்கப் போறம் எண்டு அந்த வருசம் கொண்டுவந்த சட்டத்துக்குக் கூட்டமைப்பும் கை உயர்த்தினது, ஐயா எதிர்க்கட்சித் தலைவரா இருக்கேக்க. அந்தப் புது முறைக்குத் தொகுதி பிரிச்ச எல்லை நிர்ணய அறிக்கையை 2018ல பாராளுமன்றமே தோற்கடிச்சுப்போட, பழைய முறையும் இல்ல புது முறையும் இல்ல எண்டு நிக்குது. அவர்ட அரசியல் வாழ்க்கையில எனக்கு மனசுக்குள்ள இருக்கிற பெரிய கோவம் இதுதான். ஒரு பொடியனோ பிள்ளையோ மாகாண சபையில நிண்டு பழகி, பட்ஜெட் எண்டா என்ன, அதிகாரியோட எப்பிடிக் கதைக்கிறது எண்டு படிச்சு எம்பியா வாற வழியே அடைபட்டுக் கிடக்கு.

2024ல வீட்டுக்கு விழுந்தது 34,168. இன்னும் குறைஞ்சா அம்பாறை மாதிரித்தான். யாழ்ப்பாணத்து விருப்பு வாக்கோட ஒப்பிட்டு நேரத்தை மினக்கெடுத்தாம, பழைய முறையிலயாவது மாகாண சபை எலெக்சனை வையுங்கோ எண்டு எல்லாக் கட்சியிட்டயும் கேளுங்கோ, அந்த லிஸ்டில நாப்பது வயசுக்குக் கீழ எத்தினை பேர், அதில பொம்பிளையள் எத்தினை பேர் எண்டும் இப்பவே கேளுங்கோ.