95 சதவீதம் என்றால் 9.5 மதிப்பெண் அல்ல

படங்கள், தொடர்களுக்கு வரும் விமர்சனங்களைத் திரட்டிக் காட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் ஒரு தொடருக்கு 95% என்று இருந்தால், விமர்சகர்கள் அதற்குப் பத்துக்கு ஒன்பதரை கொடுத்திருக்கிறார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், நானும் ரொம்ப நாள் அப்படியே நம்பியிருந்தேன். ஆனால் அது மதிப்பெண் இல்லை. எத்தனை சதவீத விமர்சனங்கள் 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்ற பக்கம் சாய்ந்திருக்கின்றன என்ற கணக்கு மட்டுமே.

பத்து விமர்சகர்கள் ஒரு படத்தைப் பார்த்து, ஆளுக்கு ஆறு மதிப்பெண் போட்டு, எல்லோருமே பார்க்கலாம் என்கிறார்கள் என்று வையுங்கள். 100% வந்துவிடும். இன்னொரு படத்துக்கு ஏழு பேர் முழுசாகப் பத்து கொடுக்கிறார்கள், மூன்று பேருக்குப் பிடிக்கவில்லை, நாலு கொடுக்கிறார்கள். சராசரி 8.2, ஆனால் தளத்தில் தெரிவது 70% தான். துணிந்து எதையாவது முயன்று பார்க்கும் படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் மாட்டிக்கொள்கின்றன, பாவம்.

சரிபார்ப்பது சுலபம். தளத்தின் அறிமுகப் பக்கத்தில் இந்த விளக்கம் இருக்கிறது. 60 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் பெரும்பாலோருக்குப் பிடித்த படம் என்பதற்கு அடையாளமாகச் சிவப்புத் தக்காளி போடுவார்கள் என்பதும் அங்கேயே இருக்கும். அப்புறம், படத்தின் பக்கத்தில் அந்தச் சதவீதத்தின் மேல் சொடுக்கினால் எத்தனை விமர்சனங்களை வைத்து அது வந்தது என்றும் பார்க்கலாம். இருபது விமர்சனத்தில் வந்த 95-ம் முந்நூறில் வந்த 95-ம் ஒன்றில்லை.