செவ்வாயை மட்டும் பார்த்தால் போதுமா?
பூமிக்கு வெளியே உயிரைத் தேட முதலில் செவ்வாய்க்குத்தான் செல்ல வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் முடிவு சொல்கிறார்; அதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. சனியைச் சுற்றும், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் விட்டமே கொண்ட என்செலடஸ் என்ற துணைக்கோளின் தென்முனைப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகள்களும் பீறிடுவதை 2005-இல் கண்டறிந்த காசினி விண்கலம், பின்னர் அந்தப் பீச்சலுக்குள்ளேயே பறந்து சென்று உப்பு, கரிமச் சேர்மங்கள், ஹைட்ரஜன் ஆகியவற்றைப் பதிவு செய்தது. துளையிடத் தேவையின்றி, என்செலடஸின் பனி ஓட்டுக்கு அடியில் இருக்கும் கடலே தன் மாதிரியை வெளியே அனுப்புகிறது. நம் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில், சூரிய ஒளி எட்டாத இருளில், மீத்தேனை உண்டாக்கி வாழும் நுண்ணுயிர்களுக்கு ஹைட்ரஜன்தான் உணவு. ஆயினும் உணவு இருப்பதனாலேயே உண்பவர் இருப்பதாகாது. சொல்லப்போனால், அது இவ்வளவு மிஞ்சியிருப்பதே தின்ன அங்கு எவருமில்லை என்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.