2050-க்கு யாருக்குப் பேர் போடுவது?

அம்மா கொழுந்து எடுத்த காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நோம், அதாவது ஒரு ஆள் ஒரு நாளில் எடுக்கவேண்டிய கொழுந்து, 18 கிலோ. அதை எடுத்தால்தான் செக்ரோலில் முழுப்பேர் போடுவார்கள், முழு நாள் சம்பளம். மழை நாளில் 16 கிலோவோடு தராசடிக்கு வந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம். மறுபேச்சுக் கிடையாது. காலையில் பெரட்டில், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடத்தில், இன்ன மலை என்று சொல்லி அனுப்புவார்கள், பொழுது சாய்வதற்குள் கணக்கு முடிந்துவிடும். நிறுக்கிறவர் யார், எழுதுகிறவர் யார், குறைந்தால் யாருக்கு நட்டம் என்பதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

போன மாதம் அட்டனில் ஒரு கூட்டம். தரவு சேகரிக்கிற வேலையில் இருப்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தோட்டக் கம்பனிக்காரர்கள், அரச அலுவலர்கள், வங்கியிலிருந்து இரண்டு பேர். தலைப்பு நெட் சீரோ, அதாவது கரியமில வாயு போன்றவை வெளியேறுவதைக் குறைத்து, மிஞ்சியதை ஈடுகட்டிக் கணக்கைப் பூச்சியமாக்குவது. திரையில் ஒரு கோடு அழகாகச் சரிந்து 2050-இல் பூச்சியத்தைத் தொட்டது. தேநீர் இடைவேளையில், பக்கத்தில் நின்ற தொழிற்சாலை அதிகாரி ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்: "போன மாதம் ஜெனரேட்டருக்கு எத்தனை லீட்டர் டீசல் போனது சேர்?" அவர் சிரித்தார். "அதெல்லாம் கொழும்பில இருக்கும் தம்பி" என்றார். 25 வருடம் கழித்து வரப்போகிற எண் மனப்பாடம், போன மாதத்து எண் கொழும்பில்!

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா முப்பது வருடம் ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், அடுப்பு வேலை பார்த்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அந்த வேலைக்கு யாருக்குப் பேர் போடுறாங்க?" என்றார்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் இலங்கை 2050-க்குள் நெட் சீரோ என்று சொல்லியிருக்கிறது. 2030-க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து வரவேண்டும் என்று 2021-இல் வாக்கும் கொடுத்தது. அதே 2021-இல்தான் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். அந்த இரண்டையும் நான் சேர்த்தே நினைக்கிறேன். நைதரசன் உரம் மண்ணில் விழுந்தால் அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஒக்சைட்டாக மேலே போகும். வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு. ஆக, உரத்தைக் குறைக்க நினைத்ததில் பிழை இல்லை. ஆனால் எந்த மலைக்கு எவ்வளவு உரம் தேவை என்று மண்ணைப் பார்க்கவில்லை, மாற்றாகப் போட கூட்டெரு இல்லை, கால அவகாசமும் இல்லை. அந்த வருடம் முடிவதற்குள் தடையைத் தளர்த்தவேண்டி வந்தது. மஞ்சளித்துப்போன தேயிலைக்கு யாரும் பேர் போடவில்லை. கொழுந்து குறைந்த நாட்களில் அரைப்பேர் வாங்கியது வழக்கம்போல எங்கள் ஆட்கள்தான்.

இனி ஸ்டோருக்குள் வருவோம். எனக்குத் தெரிந்த இடம். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், மீதி தண்ணீர். அந்தத் தண்ணீரை விரட்டுவதில்தான் கரண்டும் விறகும் போகின்றன. மேல்மாடியில் கொழுந்து வாடுவதற்குக் காற்றாடிகள் இரவு முழுக்க ஓடும். கொழுந்து நிறைந்து கிடந்தாலும் பாதி கிடந்தாலும் பல இடங்களில் ஒரே வேகம்தான். காற்றாடியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, பொறியியல் படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி கடையில் கிடைக்கிறது.

விறகு அதைவிடச் சுலபம். வெட்டின கையோடு வருகிற மரத்தில் பாதி எடை தண்ணீராக இருக்கும். அதை அடுப்பில் போட்டால் முதல் சூடெல்லாம் மரத்துத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், கொழுந்துக்குப் போகாது. அப்பா சொல்வார், ஈர விறகு போடுகிற நாளில் புகைபோக்கியைப் பார்த்தாலே தெரியும் என்று. அவர் வேலை செய்த ஸ்டோரில் விறகை மழையில்தான் குவித்து வைத்தார்கள். ஒரு தகரக் கூரை போடுங்கள் என்று, தோட்டத்தை நடத்திய இரண்டு துரைமாரிடம் கேட்டிருக்கிறார். இருவரும் நல்ல யோசனை என்றார்கள். அப்பா ஓய்வு பெறும்வரை கூரை வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு விடை எனக்கு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் கிடைத்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. விறகுக்கான செலவு தோட்டத்துக் கணக்கில், கூரைக்கான செலவு தலைமை அலுவலகத்து மூலதனக் கணக்கில். மிச்சம் ஒரு பக்கம் விழும், செலவு மறு பக்கம் விழும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் இல்லை. அரச அலுவலகங்களில் இன்னும் மோசம். பாடுபட்டு மின் பில்லைக் குறைத்தால் அந்த மிச்சம் வருட முடிவில் திறைசேரிக்குப் போய்விடும், அடுத்த வருட ஒதுக்கீட்டையும் குறைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. இயந்திரம் வாங்கக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) போட்டால் ஆகக் குறைந்த விலைக்குத்தான் போகும். பத்து வருடம் அந்த இயந்திரம் எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று கேட்க படிவத்தில் கட்டமே இருக்காது. அந்த ஒரு கட்டத்தைச் சேர்த்தாலே போதும், பாதி மாநாடுகள் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

பிரதேச சபைகளின் குப்பை மேட்டையும் சொல்லவேண்டும். நுவரெலியாப் பக்கம் லீக்ஸ் தழையும் கோவா இலையும் மலைபோலக் குவிந்து, காற்றுப் புகாமல் அழுகி, மீதேனை விடுகின்றன. அதுவும் வெப்பத்தைப் பிடித்து வைக்கிற வாயுதான். 2021-இல் தோட்டங்கள் கூட்டெரு இல்லாமல் தவித்தபோதும் அந்தத் தழை அங்கேதான் அழுகிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் ஒருவர், "நமக்கென்ன, நம்ம கரண்ட் தண்ணிக் கரண்ட்தானே" என்றார். மவுசாக்கலையும் காசல்ரீயும் கொத்மலையும் நம் மலைகளில் இருப்பதால் வருகிற நினைப்பு இது. மழை பொய்த்து நீர்த்தேக்கத்தின் அடி தெரிகிற மாதங்களில் நாடு நுரைச்சோலை நிலக்கரியிலும் எண்ணெயிலும்தான் ஓடுகிறது. அந்த மாதத்தில் ஸ்டோரில் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு யூனிட்டும் அங்கே எரியாமல் போகிற நிலக்கரி.

மரம் நடுவது பற்றி ஒரு வார்த்தை. உலகச் சுற்றாடல் தினமான ஜூன் 5-ஆம் திகதி நட்ட கன்றுகளின் படத்தோடு வருடாந்த அறிக்கை வருகிறது. மரத்துக்கு நான் எதிரி இல்லை. நிறுவனங்களின் இலக்குகளைச் சரிபார்க்கிற சயன்ஸ் பேஸ்ட் டார்கெட்ஸ் அமைப்பின் நெட் சீரோ விதிகள், பொதுவாக 90 சதவீதம் அளவுக்கு முதலில் வெளியேற்றத்தையே குறைக்கச் சொல்கின்றன. ஈடுகட்டுவது மிஞ்சியதற்கு மட்டும். இங்கே ஈடுகட்டுவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். விறகு எரித்தாலும் கணக்குச் சமன் என்கிறார்களே, வெட்டின இடத்தில் திரும்ப மரம் வளர்ந்தால்தான் அந்தப் பேச்சு செல்லும்.

இன்னொன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இன்றும் விறகடுப்பில் சமைக்கிற அம்மாக்களின் புகை எந்தக் கம்பனியின் அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. மீரியபெத்தையில் 2014-இலும், டித்வா புயலில் 2025-இலும் மண் சரிந்தபோது அதன் அடியில் போனவர்களில் லயத்து ஆட்களும் இருந்தார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கொழுந்து நிறை எழுதுகிற பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை. போன மாதம் போன டீசல், யூனிட், விறகு. ஒரு கிலோ தேயிலைக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டால் இன்னும் நல்லது. கீழே ஓர் ஆளின் பெயர். எண் கூடினால் துரையின் போனஸில் கொஞ்சம் குறையட்டும், குறைந்தால் மிச்சத்தில் ஒரு பங்கு அந்த ஸ்டோருக்கே, அந்த அலுவலகத்துக்கே திரும்பட்டும். வருடத்துக்கு ஒரு தடவை வருகிற அறிக்கையைவிட, மாதா மாதம் சோக்கட்டியால் எழுதி அழிக்கிற அந்த எண்ணைத்தான் நான் நம்புவேன்.

அடுத்த கூட்டம் வரும் மாதம், அதே மண்டபத்தில். விறகுப் புத்தகத்தின் போட்டோப் பிரதி ஒன்று கொண்டு வரச் சொல்லி நாலு தோட்டங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒன்றிலிருந்து பதில் வந்திருக்கிறது. அது ஈரம் பட்டு எழுத்து அழிந்துவிட்டதாம்.