மாடு வெயிலுக்குப் பழகிடும் என்பவர்களுக்கு

"கலப்பின மாடுதானே, ரெண்டு கோடை போனா பழகிடும்." பால் சொசைட்டி வாசலில் பங்குனி பிறந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பழகுவது அந்த ஒரு மாட்டின் உடம்பு. அந்தப் பழக்கம் கன்றுக்குப் போகாது.

சரி, அந்தப் பழக்கம்தான் என்ன? சித்திரை மதியம் கட்டுத்தறியில் ஜெர்சி ரத்தம் கூடுதலாக உள்ள கறவையைப் பாருங்கள். படுக்காது, நின்றுகொண்டே இருக்கும். வாய் திறந்து, எச்சில் நூல்நூலாக ஒழுகும், விலா படபடவென்று அடிக்கும். தீவனத்தை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். சில வாரங்களில் இரைப்பு குறையும். காரணம், தீனி குறைந்துவிட்டது. தீனி குறைந்தால் உடம்புக்குள் உண்டாகும் சூடும் குறையும். நாம் பழகிடுச்சு என்கிறோம். பால் குறைந்திருக்கும், சினை ஊசி (காளையின் விந்தைச் செலுத்துவது) போட்டால் சினை நிற்காது. இதற்குப் பெயர் பழக்கமா?

ஒரு மாட்டினமே வெப்பத்துக்கு மாறிய கதை வேண்டுமென்றால் கரீபியன் தீவுகளுக்குப் போக வேண்டும். 1493ல் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில் மாடுகளைக் கப்பலில் கொண்டுபோனார். குளிர்நாட்டு ஐரோப்பிய மாடுகளின் உறவுக் கூட்டம் அது. அப்படி அந்தப் பக்கம் போன மாடுகளின் வழிவந்த சில இனங்களுக்கு இன்று முடி மிகக் குட்டையாக, வழவழப்பாக இருக்கிறது. செயின்ட் குரோய் தீவின் செனபோல் மாடு அதில் பேர்பெற்றது. காரணமான மரபணுவை 2014ல் கண்டுபிடித்தார்கள். பால் சுரப்போடு தொடர்புள்ள புரோலாக்டின் ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபணு அது. அதன் டி.என்.ஏ வரிசையில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. பிறகு 2018ல், குட்டைமுடி வெனிசுலா மாடுகளில் அதே மரபணு வேறு இடங்களில் உடைந்திருப்பது தெரிந்தது. வெயில் ஒன்றுதான், வழிகள் தனித்தனி.

இந்த மாற்றம் எப்படி நடந்திருக்கும் என்று யோசியுங்கள். எந்த மாடும் முயற்சி செய்து முடியைக் குறைத்துக்கொள்ளவில்லை. அடர்முடிக்காரி இளைத்தாள், சினை பிடிக்கவில்லை, செத்தாள். குட்டைமுடிக்காரி கன்று போட்டுக்கொண்டே இருந்தாள். தலைமுறை தலைமுறையாக இப்படி. பழகிடும் என்று சொல்கிறவர் இந்தக் கணக்கில் எந்தப் பக்கத்து மாட்டுக்குச் சொந்தக்காரராக இருப்பார் என்பதுதான் என் கேள்வி.

நம் நாட்டு இனங்கள் இந்த விலையை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொடுத்து முடித்தவை. திமிலும் கழுத்தடியில் தொங்கும் அலைதாடியும்தான் ரகசியம் என்று நம்மூரில் பெருமையாகச் சொல்வார்கள். 1950களில் அமெரிக்காவில் நம் பக்கத்துத் திமில் இனமான சிவப்புச் சிந்திக் காளைகளுக்கு அவை இரண்டையும் அறுவை செய்து எடுத்துப் பார்த்தார்கள். வெப்பம் தாங்கும் திறன் பெரிதாக மாறவில்லை! விஷயம் தோலிலும் வியர்வைச் சுரப்பியிலும், அதைவிட ஆழமாக செல்லுக்குள்ளும் இருக்கிறது. ஆய்வகத் தட்டில் 41 டிகிரி சூட்டில் வைத்தபோது, நம் மாட்டினங்களின் வழிவந்த பிராமன் மாட்டின் கரு, குளிர்நாட்டுக் கறவை இனமான ஹோல்ஸ்டீனின் கருவைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது. தோலோ வியர்வையோ இல்லாத, கண்ணுக்கே தெரியாத கரு அது.

இதைப் படித்துவிட்டு நாட்டுமாட்டு பக்தர்கள் கைதட்ட வேண்டாம். அந்தத் தாங்குதிறனில் ஒரு பங்கு, உள்சூடு குறைவாக உண்டாவதால் வருவது. பால் உற்பத்தியே உடம்பைச் சூடாக்கும் வேலை. காங்கேயம் வெயிலில் நின்று அசைபோடுவதற்கும் ரெண்டு மூணு லிட்டரோடு நிறுத்திக்கொள்வதற்கும் தொடர்பு உண்டு. ரெண்டு லிட்டரை வைத்துக்கொண்டு மகளின் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாது.

பிரேசில்காரர்கள் இங்கேதான் நம்மை முந்தினார்கள். குஜராத்தின் கிர் மாட்டைக் கொண்டுபோய் ஹோல்ஸ்டீனோடு சேர்த்து, எட்டில் ஐந்து பங்கு ஹோல்ஸ்டீன், மூன்று பங்கு கிர் என்று நிலைநிறுத்தி, ஜிரோலாண்டோ என்று தனி இனமாகவே வளர்த்துவிட்டார்கள். நம் ஊர்க் கட்டுத்தறிகளில் அப்படிப் பங்கை நிலைநிறுத்தும் வேலை நடக்கவில்லை. பாதி ஜெர்சிக் கிடாரிக்கு மறுபடி ஜெர்சி ஊசி போட்டால் கன்று முக்கால் ஜெர்சி. அதற்கும் அதே ஊசி என்றால் எங்கே போய் நிற்கும்? பால் கூடுகிறதே என்று நாமும் கேட்டு வாங்குகிறோம், ஊசி போடும் மாட்டு டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியாது.

என் கோரிக்கை ஒன்றுதான். காளையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மகள்கள் எத்தனை லிட்டர் கறந்தன என்று பார்க்கிறோம். சித்திரை, வைகாசியில் எவ்வளவு கறந்தன, எத்தனை ஊசியில் சினை நின்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விந்து அடைத்துவரும் ஊசிக் குச்சியின் மேல் காளையின் எண் அச்சாகியிருக்கும். அதை நாமே ஒரு நோட்டில் குறித்துவைத்தால்கூடப் போதும், பக்கத்து ஊர்க்காரர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் ஊரில் யாராவது ஏற்கெனவே இப்படிக் குறித்துவைத்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.