ஒரு ஆளுக்கு ஒரு மொழிதானா?

உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து, அந்த நாட்டின் மேற்கே இருக்கும் செர்னிவ்ட்சி நகரத்தின் பழைய அஞ்சலட்டைப் படங்கள் என் டைம்லைனில் வந்துகொண்டே இருக்கின்றன. கீழே தவறாமல் ஒரு வரி: ஐந்து இனங்கள் அண்ணன் தம்பியாக இருந்த ஊர், ஆஸ்திரியப் பேரரசு போனதும் எல்லாம் போச்சு. பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் எனக்குப் புகைச்சல்.

அந்த ஊரைத் தலைநகராகக் கொண்ட புக்கோவினா பகுதியை, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு 1775இல் துருக்கியின் ஓட்டோமான்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. அப்போது அங்கே ஒரு லட்சம் பேர்கூட இல்லை. முதலில் ராணுவ ஆட்சி. 1786இல் பக்கத்து மாகாணமான கலீசியாவோடு ஒட்டவைத்து அதை ஒரு மாவட்டமாக்கிவிட்டார்கள், பெரிய முடிவுக்கெல்லாம் கலீசியாவின் தலைநகரான லெம்பெர்க்கை (இன்றைய லிவிவ்) பார்த்தபடியே 1849 வரை ஓடியது, அப்புறம்தான் தனி மாகாணம். நிலம் கிடந்தது, உழவும் வரி கட்டவும் ஆள் இல்லை. ஜெர்மானிய விவசாயிகள், ஹங்கேரியர், கலீசியாவிலிருந்து ருத்தேனியர் (இன்றைய உக்ரேனியர்), யூதர், போலந்துக்காரர், பழைய கிறிஸ்தவச் சடங்கை விடமாட்டேன் என்று ரஷ்யாவிலிருந்து வந்த லிப்போவான்கள் எனக் குடியேறிக் குடியேறி, 1910இல் எட்டு லட்சம்.

சரி, அந்த எட்டு லட்சத்தை எப்படி எண்ணினார்கள்? கணக்கெடுப்புப் படிவத்தில் இனம் கேட்கவில்லை. அன்றாடம் பேசும் மொழி எது என்று கேட்டார்கள், ஒரே ஒரு மொழிதான் சொல்லலாம். வீட்டில் ஒன்று, சந்தையில் ஒன்று, அரசு அலுவலகத்தில் ஜெர்மன் என்று மூன்றை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர் என்ன செய்வார்? ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டியதுதான். ருத்தேனியம், அதாவது இன்றைய உக்ரேனியம், 3,05,000, ருமேனியம் 2,73,000, ஜெர்மன் 1,68,000. இத்தனை ஜெர்மானியரா என்று மலைத்துவிட்டு மதக் கணக்கைப் பார்த்தால், யூதர்கள் மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல். அந்த யூதர்கள் பேசிய, ஜெர்மனுக்கு நெருக்கமான யிட்டிஷை அரசு ஒரு மொழியாகவே ஏற்கவில்லை, அதனால் யிட்டிஷ் பேசியவர்களைப் பெரும்பாலும் ஜெர்மன் கணக்கில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். யிட்டிஷும் யூதர்களின் ஒரு தேசிய மொழிதான் என்று தீர்மானம் போட்ட மாநாடு இரண்டே வருடம் முன்னால், 1908இல், இதே ஊரில்தான் நடந்தது!

இன்று பலரும் மெச்சுகிற 1910 சமரசத்துக்கு வருவோம். மாகாண சட்டமன்றத்துக்கு ஒவ்வொரு தேசிய இனத்துக்கும் தனி வாக்காளர் பதிவேடு. ருமேனியப் பதிவேட்டில் இருப்பவர் ருமேனிய வேட்பாளருக்கு ஓட்டுப் போடுவார், மற்றவர்களும் அப்படியே. யூதர்களும் தனிப் பதிவேடு கேட்டார்கள். யூதர் என்பது மதம், இனம் அல்ல என்று பேரரசின் தலைநகர் வியன்னா கைவிரித்தது. உள்ளூர்க்காரர்கள் விடவில்லை, ஜெர்மன் பதிவேட்டுக்குள்ளேயே தொகுதி எல்லைகளைச் சாமர்த்தியமாக வளைத்து யூதர்களுக்கு இடம் கிடைக்கும்படி செய்துவிட்டார்கள். இந்தச் சூழ்ச்சியை நான் ரசிக்கிறேன், மறைக்கவில்லை. சண்டையையும் அது குறைத்திருக்கும். ஆனால் பக்கத்து வீட்டு நல்ல மனுஷர் வேறு பதிவேட்டில் இருந்தால் அவருக்கு நீங்கள் ஓட்டுப் போட முடியாது. இதை அண்ணன் தம்பி உறவு என்றால் எப்படி? எனக்கு இது பாகப்பிரிவினை மாதிரிதான் தெரிகிறது, கௌரவமாக முடித்த பாகப்பிரிவினை. இந்த ஏற்பாட்டில் 1911இல் ஒரு தேர்தல் நடந்தது, மூன்று வருடத்தில் உலகப்போர் வந்துவிட்டது.

அதற்காக அந்த ஆட்சியை மட்டம் தட்டவும் மனம் வரவில்லை. 1905லேயே அந்த ஊருக்கு எட்வர்ட் ரைஸ் என்ற யூத மேயர் இருந்தார். பின்னால் வந்ததைப் பார்த்தால் அதன் அருமை தெரியும். 1918இல் ஊர் ருமேனியா கைக்குப் போனது, 1940இல் சோவியத் கைக்கு. அந்த வருடமே ஜெர்மானியர்களை ஹிட்லர் அரசு மூட்டை கட்டி அழைத்துப் போனது. 1941இல் ருமேனியா மறுபடி வந்து யூதர்களை கெட்டோ என்ற அடைப்புக் குடியிருப்பில் அடைத்து, கிழக்கே தன் பிடியில் இருந்த டிரான்ஸ்னிஸ்திரியா பகுதிக்குத் துரத்தியது, மேயர் டிரையான் போபோவிச் மல்லுக்கட்டியதில் சுமார் 20,000 பேர் ஊரிலேயே தங்க முடிந்தது. அந்தப் பழைய பதிவேடுகள்தான் இதற்கெல்லாம் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆளுக்கு ஒரு பெட்டி என்று பழகிய கண், பெட்டியைத்தான் முதலில் பார்க்கும்.

அந்த ஊரில் ஜெர்மன் இல்லம், போலந்து இல்லம், யூதர் இல்லம் என்று ஆளுக்கொரு மாளிகை இன்றும் நிற்கிறது. யூதர் இல்லத்தின் மாடிப்படிக் கைப்பிடிக் கம்பிகளில் யூத அடையாளமான ஆறுமுனை நட்சத்திரங்கள். சோவியத் காலத்தில் அவற்றின் மேல்முனையையும் கீழ்முனையையும் அறுத்துவிட்டார்கள்.