கடைசி பஸ் ஏழு மணிக்கு, கடை பூட்டுவது பத்து மணிக்கு

போன 10ஆம் திகதி பின்னேரம் ஹட்டன் பக்கம் ஒரு டவுனில், ஒரு சுப்பர் மார்க்கெட்டில் வரிசையில் நின்றேன். தோட்டங்களில் சம்பளம் போட்ட நாள். உள்ளே கால் வைக்க இடமில்லை. நாலு கவுண்டரில் ஒன்றில்தான் ஆள் இருந்தது. எனக்கு முன்னால் பதினைந்து பேராவது நின்றிருப்பார்கள். ஒரு அக்கா இடுப்பில் பிள்ளை, கையில் பால்மா பைக்கட்டு, காலடியில் அஞ்சு கிலோ அரிசிப் பை. அந்தப் பையைக் காலாலேயே தள்ளித் தள்ளி முன்னால் நகர்ந்துகொண்டிருந்தார்.

பில் அடித்துக்கொண்டிருந்த தங்கச்சிக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். இடையில் கோழி விற்கும் பக்கமிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். ஓடிப்போய் நிறுத்துக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவி, ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு திரும்ப ஓடி வருகிறார். இரண்டாவது தடவை ஓடியபோது வரிசையில் நின்ற ஒருவர் சத்தம் போட்டார்: "மேனேஜரைக் கூப்பிடுங்க!"

அந்தப் பிள்ளை ஸ்கேன் பண்ணும் கையை நிறுத்தாமலே சொன்னார்: "நான்தான் சேர் மேனேஜர்."

"மேனேஜர்னா ஆளப் போட்டு வேல வாங்கத் தெரியணும்."

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் நான் அன்றைக்கு இரவு தூங்கவில்லை. ஆறு வருஷம் நானும் அதே மாதிரி ஒரு கடையில் கிளை முகாமையாளராக இருந்தவன். அவர் சொல்லாமல் விட்ட பதில் எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

முதல் விஷயம், ஆளைப் போடும் அதிகாரம் மேனேஜருக்குக் கிடையாது. ஒரு கிளைக்கு எத்தனை பேர் என்பதை மேலிடம்தான் தீர்மானிக்கும். எப்படித் தீர்மானிக்கும்? போன மாத விற்பனையைப் பார்த்து. இவ்வளவு ரூபா விற்றால் இவ்வளவு பேர், அவ்வளவுதான். விற்பனை குறைந்தால் ஆள் குறையும். ஆள் குறைந்தால் தட்டு நிரப்ப நேரமில்லை, வரிசை நீளும், வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார், விற்பனை இன்னும் குறையும். அடுத்த மாதம் இன்னொருவரை எடுத்துவிட்டு, "ஏன் டார்கெட் வரவில்லை?" என்று மேனேஜரிடமே கேட்பார்கள். இந்தச் சுற்றில் நான் மூன்று தடவை சிக்கியிருக்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடை காலை ஏழு மணியிலிருந்து இரவு பத்து வரை. ஒரு நாளைக்குப் பதினைந்து மணித்தியாலம், கிழமைக்கு 105. சின்னக் கிளையென்றாலும் கவுண்டரில் இரண்டு பேர், மரக்கறி - இறைச்சிப் பக்கம் ஒருவர், தட்டு நிரப்ப ஒருவர் என்று எந்த நேரமும் நாலு பேர் நிற்க வேண்டும். அப்படியென்றால் கிழமைக்கு 420 மணித்தியால வேலை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி ஒருவருக்கு நாளைக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45. நானூற்று இருபதை நாற்பத்தைந்தால் பிரித்தால் ஒன்பது பேருக்கு மேல் வேண்டும். எனக்குத் தந்தது எட்டு. ஒவ்வொரு கிழமையும் 60 மணித்தியாலம் துண்டு விழும்.

இதில் லீவை இன்னும் சேர்க்கவே இல்லை. அதே சட்டம் வருஷத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு கொடுக்கிறது. எட்டுப் பேருக்கு 168 நாள். ஏறக்குறைய இரண்டு நாளைக்கு ஒரு தடவை யாரோ ஒருவர் இல்லை. காய்ச்சல், சாவு வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் இதெல்லாம் தனி. சட்டம் கிழமைக்கு 12 மணித்தியாலம் வரை ஓவர்டைம் செய்ய விடுகிறது, அதற்கு ஒன்றரை மடங்கு சம்பளம். ஆனால் ஓவர்டைம் செலவு கூடினால் அதற்கும் மேனேஜர்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் அந்த 60 மணித்தியாலத்தை யார் சுமப்பது? ஓவர்டைம் கேட்க முடியாத ஒரே ஆள். எனக்கு மேனேஜர் பதவி வந்த மாதத்தோடு சம்பளச் சீட்டில் ஓவர்டைம் என்ற வரியே இல்லாமல் போனது.

கொழும்பில் கடை நடத்துகிறவர்களுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மலைநாட்டில் இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. பஸ்.

எங்கள் கடையில் வேலை செய்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள். அவர்கள் பக்கத்துக்குக் கடைசி பஸ் இரவு ஏழு மணிக்கு. கடை பூட்டுவது பத்து மணிக்கு. இடையில் மூன்று மணித்தியாலம், அதுதான் கடையில் சனம் கூடும் நேரமும். ரோஸ்டர் போட உட்காரும்போதெல்லாம் என் முன்னால் இருப்பது ஆட்களின் பெயர் மட்டுமில்லை, அவரவர் பஸ் நேரமும்தான். ஒரு பிள்ளை மெயின் ரோட்டில் இறங்கி, தேயிலைக்குள் முக்கால் மணி நேரம் நடந்தால்தான் லயத்து வீட்டுக்குப் போகலாம். வழியில் லைட் இல்லை. மழைக் காலத்தில் அட்டை, பனி, வழுக்கல். அந்தப் பிள்ளையை எந்த மனசோடு நான் பத்து மணி வரை வைத்துக்கொள்வது?

ஒரு நாள் இரவு ஷிஃப்டில் வர வேண்டிய தம்பி வரவில்லை. ஒரு கேஷியர் பிள்ளையை நிறுத்திவிட்டேன். ஒன்பது மணிக்கு அவருடைய அம்மா என் போனுக்கே எடுத்தார். "தம்பி, பிள்ளைய எப்ப அனுப்புவீங்க? நான் ரோட்டுலதான் நிக்கிறேன்." பேச்சுக்குப் பின்னால் மழைச் சத்தம் கேட்டது. உடனே ஓட்டோ ஒன்றைப் பிடித்து, தெரிந்த அண்ணனோடு அனுப்பி வைத்தேன். காசு என் பையிலிருந்துதான். அந்த மாதம் மட்டும் ஆறு தடவை அப்படி அனுப்பினேன். கடைச் செலவில் போட ஒரு தலைப்பு இல்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு இரவுக்குப் பையன்களையே போட ஆரம்பித்தேன். அவர்கள்தான் முதலில் போய்விடுகிறவர்கள். ஆறு மாதம் வேலை பழகியதும் ஒருவன் கொழும்பு புறக்கோட்டைக் கடைக்குப் போவான், இன்னொருவன் கட்டாருக்கு. 2022இல் மட்டும் இலங்கையிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அதில் என் கடையிலிருந்தும் மூன்று பேர். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் போயிருப்பேன். ஆனால் போன ஒவ்வொருவரின் இடத்துக்கும் புதிதாக ஒருவரை எடுத்து, மெஷின் பழக்கி, மரக்கறியின் கோட் நம்பரை மனப்பாடம் பண்ண வைப்பதும் மேனேஜரின் வேலை. பழகி முடிவதற்குள் அடுத்தவர் கடிதம் கொடுப்பார்.

மலைநாட்டில் வியாபாரம் ஒரே சீராக ஓடுவதும் இல்லை. மாதத்தின் 10ஆம் திகதிக்கும் 25ஆம் திகதிக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு வேறு கடை மாதிரி. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவகாலம். ஹட்டன், மஸ்கெலியா வழியாக இரவு பகலாகச் சனம் போகும். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம், கூடவே சித்திரைப் புதுவருடம். பிறகு தோட்டங்களில் தீபாவளி முற்பணம் வரும் கிழமை. வருஷச் சராசரியை எடுத்து ஆள் எண்ணிக்கை போட்டால், இந்த நாட்களில் எல்லாம் கடை மூச்சுத் திணறும். தோட்டத்தில் சம்பளம் எப்போது என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மேலிடத்துக்கும் தெரியும். சம்பளத்தை ஒட்டிய மூன்று நாளுக்கு இரண்டு பேரைக் கூடுதலாகத் தர அவ்வளவு கஷ்டமா?

கம்பனிகளின் பக்கமும் தெரியாமல் பேசவில்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் திரும்பவும் 66 சதவீதம். ஒரு சுப்பர் மார்க்கெட்டில் ஃப்ரீஸர் இருபத்திநாலு மணித்தியாலமும் ஓட வேண்டும், அந்த பில் வந்த மாதங்களில் எனக்கே கை நடுங்கியது. அப்போது ஆளைக் குறைத்தார்கள், நாங்களும் சரி என்று தோள் கொடுத்தோம். கஷ்டம் தீரும் வரைதானே என்று நினைத்தோம். சனம் திரும்ப வந்தது, தட்டுகள் நிறைந்தன, விற்பனையும் எழும்பியது. குறைத்த ஆட்களை மட்டும் திருப்பித் தரவில்லை. அவசரத்துக்காக நாங்கள் சுமந்ததையே வழக்கமான அளவாக எழுதிவிட்டார்கள். என் முழுக் கோபமும் இந்த இடத்தில்தான்.

ஆள் குறைந்தபோது வேலை குறையவில்லை, கூடத்தான் கூடியது. 2024 டிசம்பரில் அரிசித் தட்டுப்பாடு. ஒரு கிலோ நாட்டரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை 230 ரூபா என்று வர்த்தமானி சொன்னது, ஆனால் அந்த விலைக்கு அரிசி கடைக்கு வந்து சேரவில்லை. வெறும் தட்டைக் காட்டி விளக்கம் சொன்னது யார்? கவுண்டரில் நின்ற பிள்ளையும் மேனேஜரும். 2025 நவம்பர் முதல் ஷொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான், எங்கள் ஆறுகளைப் பார்த்தால் எப்போதோ வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சில ரூபாவுக்காக ஒவ்வொரு நாளும் நடக்கும் வாக்குவாதத்தைச் சமாளிப்பதும் அதே இரண்டு பேர்தான். அதே மாதக் கடைசியில் டித்வா புயல். மலைநாட்டு ரோடுகள் மண்சரிவில் அடைபட்டபோது, என்னோடு வேலை செய்த நண்பர் ஒருவர் மூன்று இரவு கடைக்குள்ளேயே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மட்டை விரித்துப் படுத்தார். சாமான் லொறி வரவில்லை. இருந்ததை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தார். அவருடைய சொந்த வீட்டுக்குப் பின்னால் மண் இறங்கியிருந்தது. அதைப் போய்ப் பார்க்க அவருக்கு நாலாவது நாள்தான் முடிந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: மரக்கறித் தட்டின் போட்டோ போடுங்கள், ஃப்ரீஸர் வெப்பநிலை போடுங்கள், நாளைய டார்கெட்டுக்குத் திட்டம் போடுங்கள். காசில் துண்டு விழுந்தால் கையிலிருந்து போட வேண்டும். அப்போது மாதம் 28 ஆயிரம் எடுத்த பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று நானே போட்ட நாட்கள் எத்தனையோ. என் மகள் பேசப் பழகிய காலத்தில் நான் வீட்டில் இருந்ததே ஞாயிறு பின்னேரங்களில் மட்டும்தான். அதுவும் போன் கையில்.

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஆள் எண்ணிக்கையை விற்பனையைப் பார்த்துப் போடாமல், கடை திறந்திருக்கும் மணித்தியாலத்தைப் பார்த்துப் போடுங்கள். கடைசி பஸ்ஸுக்குப் பிறகு ஆள் வேண்டுமென்றால் வீட்டு வாசல் வரை வாகனம் கொடுங்கள். அது கடையின் செலவு, மேனேஜரின் தர்மம் இல்லை. மேனேஜரின் வேலை நேரத்தையும் எங்காவது எழுதுங்கள். இப்போது அதை யாருமே எண்ணுவதில்லை, எண்ணாததால் அது இல்லாதது போல ஆகிவிட்டது. பிறகு கவுண்டரில் ஒரு கதிரை. கேரளாவில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடை ஊழியர் உட்கார உரிமை சட்டமாகவே வந்துவிட்டது. பத்து மணித்தியாலம் நின்ற கால் இரவில் எப்படி வலிக்கும் என்று நின்றவர்களிடம் கேளுங்கள்.

வரிசையில் நிற்கும் நம்மவர்களுக்கும் ஒன்று. கோபம் வருவது நியாயம்தான், உங்களுக்கும் பஸ் இருக்கிறது. ஆனால் முன்னால் நிற்கும் பிள்ளையிடம் கத்தாமல், கடையின் முறைப்பாட்டு நம்பருக்கு எடுத்து "இந்தக் கிளைக்கு ஆள் போதாது" என்று சொல்லுங்கள். மேனேஜர் பத்துக் கடிதம் எழுதினாலும் அசையாதவர்கள், வாடிக்கையாளர் பத்துப் பேர் சொன்னால் அசைவார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு என் முறை வந்தபோது ஏழு மணி தாண்டிவிட்டது. அந்தத் தங்கச்சியிடம் நான் யாரென்று சொன்னேன். கடைசி வருஷத்தில் ஒரு கொப்பியில் தினமும் வந்த நேரமும் போன நேரமும் எழுதி வைத்ததையும், ஒரு ஏப்ரல் மாதம் மட்டும் 312 மணித்தியாலம் வந்ததையும் சொன்னேன். "நீங்களும் எழுதி வையுங்க தங்கச்சி. என்றைக்காவது தொழில் அலுவலகத்துக்குப் போக வேண்டி வந்தா, கையில ஏதாவது இருக்கணும்." அவர் என் மிச்சக் காசை எண்ணித் தந்தார். பின்னால் சனம் நெருக்கியது. ஒதுங்கி நின்று பையை அடுக்கும்போது பார்த்தேன், பில் கடதாசித் துண்டு ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பேனையால் எழுதிக்கொண்டிருந்தார்: "10ஆம் திகதி. வந்தது காலை 6.10."